“செத்த நகருங்கோ” சார்

என் கையெழுத்து கோழி கிளறினதுபோல இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனதால் எழுத்துப் பிழையும் இருக்கும். அச்சுப் போடுகிறவர்கள் எழுத்தைத் திருத்திக்கொள்ளலாம். விஷயத்தைத் திருத்த வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

மந்தைவெளியில் படங்களுக்குக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடிக்கும் சின்னக் கடை என்னுடையது. போன வாரம் போட்டோச் சங்கத்தின் காரியதரிசி கடைக்கு வந்தார். “சார் காலமாகி மூணு மாசம் ஆச்சு. அவர் ஞாபகமா ஒரு மலர் போடறோம். நீங்கதான் அவரோட பை தூக்கிட்டுச் சுத்தினவராச்சே, ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. வேண்டாத விஷயத்தை எல்லாம் விட்டுட்டு நல்லதா எழுதுங்க” என்றார். எனக்கு நாலு பேர் எதிரில் பேச வராது. எழுதவும் வராது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் ஸ்கூட்டரை உதைத்துவிட்டார்.

சாரின் மனைவியிடம் போய்க் கேட்டேன். நாங்கள் எல்லோரும் அவரை மாமி என்போம். “எதை எழுதறது, எதை விடறதுன்னு தெரியல மாமி.”

“விடற வேலையெல்லாம் அவர் பார்த்தாச்சு. நீங்க எழுதற வேலையை மட்டும் பாருங்கோ” என்றார் மாமி.

சாரின் பெயரை எழுதப் போவதில்லை. சங்கத்தாருக்குத் தெரியும். நான் அவரை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை.

சார் ஒரு பெரிய கம்பெனியில் மேல் உத்தியோகம் பார்த்தார். மயிலாப்பூரில் சொந்த வீடு. கழுத்தில் எப்போதும் இரண்டு கண் வைத்த காமிரா. குனிந்து மேலே இருந்து பார்க்கும் வகை. அவர் வாயில் ஒரு நாளைக்கு நூறு தடவை வரும் சொல் ஒன்றுதான்: “செத்த நகருங்கோ.” கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காற்றில் ஒரு கட்டம் போடுவார். அந்தக் கட்டத்துக்குள் எது வந்தாலும் அவருக்கு இடைஞ்சல்தான். மனிதர் வந்தால் பெரிய இடைஞ்சல்.

முதல்முதலாக அவர் என் கடைக்கு வந்தது ஒரு கோபுரப் படத்தோடு. “இடது பக்கம் சட்டத்தை ஓர் அங்குலம் உள்ளே தள்ளிப் போடு” என்றார். ஏன் என்று பார்த்தேன். ஓரத்தில் யாரோ ஒருவருடைய முழங்கை இருந்தது. சாமி கும்பிடுகிற கை. “கோபுரத்துக்குக் கை எதுக்கு?” என்றார். நான் தள்ளிப் போட்டேன். அன்றிலிருந்து என் வேலை அவருக்குப் பிடித்துவிட்டது.

பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவத்துக்கு மயிலாப்பூர் மாடவீதிகளில் எள் போட்டால் எண்ணெய் ஆகும். மற்ற காமிராக்காரர்கள் மாடி மாடியாக ஏறுவார்கள். சார் அன்று வீட்டில் தூங்குவார். மறுநாள் விடிந்ததும் போய்க் காலி வீதியை எடுத்து வருவார். கேட்டால், “கூட்டத்தை எவன் வேணா எடுப்பான். உற்சவத்தோட அமைதியை எடுக்கணும்” என்பார். அந்தப் படத்தில் இருந்தது ஒற்றைச் செருப்பு மட்டும்தான். அதையும் எடுத்துவிடாமல் வைத்ததற்குக் காரணம் கேட்டேன். “அது வார் அறுந்த செருப்பு. அழகா இருந்தது” என்றார்.

அவர் அண்ணன் மகள் கல்யாணத்துக்குச் சட்டம் போட்ட வாழ்த்துப் படம் ஒன்றைக் கொடுக்க நானும் போயிருந்தேன். தாலி கட்டும் நேரம் சார் மேடையில் ஏறி, “நாயனக்காரர் செத்த நகருங்கோ, அந்த மாமா செத்த நகருங்கோ, குத்துவிளக்கை செத்த நகர்த்துங்கோ” என்றார். எல்லோரும் நகர்ந்து முடிந்து அவர் காமிராவுக்குள் குனிந்தபோது மூன்று முடிச்சும் விழுந்தாகிவிட்டது.

“இன்னொரு தரம் கட்டச் சொல்லுங்கோ” என்றார் சாஸ்திரிகளிடம்.

“அப்படின்னா இன்னொரு பொண்ணு பாருங்கோ மாமா” என்றார் அவர்.

சாரின் வீட்டுக் கூடத்தில் நான் சட்டம் அடித்த படங்கள் பதினான்கு தொங்கின. ஒன்றிலும் மனித முகம் கிடையாது. காபி கொண்டுவந்து வைத்த மாமி ஒருமுறை அவற்றை அண்ணாந்து பார்த்துவிட்டு, “யாராவது ஆத்துக்கு வந்தா, குடியிருக்கறவா எல்லாம் எங்கே காலி பண்ணிண்டு போயிட்டான்னு கேக்கறா” என்றார். சார் சிரிக்கவில்லை. “செத்த நகரு, வெளிச்சத்தை மறைக்கறே” என்றார்.

இனி என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. சட்டத்துக்குள் முதலில் கண்ணாடி, அதன் பின்னால் படம், கடைசியில் மெல்லிய பலகை. படத்துக்கும் பலகைக்கும் நடுவே தாள் வைத்து இறுக்க வேண்டும். வைக்காவிட்டால் படம் ஆடும், பலகையின் பிசின் ஊறிக் கறை படியும். எல்லோரும் பழைய பேப்பரைத்தான் வைப்பார்கள். சார் விடமாட்டார். தனக்குப் பிடிக்காமல் தள்ளிய போட்டோக்களைக் கட்டாகக் கொண்டுவந்து, “இதை வெச்சு இறுக்கு. கெட்டித் தாள், வீணாப் போகப்படாது” என்பார். ஒரு சுருளில் எடுத்த பன்னிரண்டையும் பிரிண்ட் போட்டுப் பார்த்துத்தான் பதினொன்றைத் தள்ளுவார். தள்ளியதன் முதுகில் பென்சிலால் தேதியும், தள்ளிய காரணமும் எழுதுவார். “காரணம்: சைக்கிள்.” “காரணம்: வேஷ்டி காயறது.” “காரணம்: என் மச்சினர்.” மீந்ததை மற்றவர்கள் படத்துக்கும் வைப்பேன். அவர் மச்சினர் முகம் இன்றைக்கும் மயிலாப்பூரில் யாரோ ஒருவர் வீட்டு வெங்கடாசலபதிக்குப் பின்னால்தான் இருக்கிறது.

அறுபத்தொன்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, “டூர் போறோம், வா” என்றார். மயிலாப்பூரிலிருந்து திருவான்மியூருக்கு டூர். தலையில் தொப்பி, தோளில் தண்ணீர்க் குப்பி, டிபன் டப்பாவில் தயிர்சாதம், எலுமிச்சை ஊறுகாய் தனி. பஸ் நிற்கும் இடத்திலிருந்து மணலில் நடந்தோம். நான் காமிரா நிறுத்தும் முக்காலியைத் தூக்கிக்கொண்டேன். “எங்கேயாவது தூர தேசத்துக் கடற்கரை மாதிரி, யாருமே இல்லாத அமைதியான ஒரு மீன்பிடிக் கடற்கரை வேணும்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். மீன்பிடிக் கடற்கரையில் மீன் பிடிக்கிறவர்கள் இருப்பார்களே என்று எனக்குத் தோன்றியது. முக்காலியைத் தோள் மாற்றிக்கொண்டேன்.

குப்பத்தில் அன்று நல்ல மீன்பாடு. சனம் முழுவதும் கரையில் இருந்தது. காமிராவைப் பார்த்ததும் சூழ்ந்துகொண்டார்கள். “எங்கள எடு சாமி, எங்கள எடு.” எடுக்காமல் விடமாட்டார்கள் என்று தெரிந்ததும் சார் ஒரு சுருள் முழுவதும் அவர்களை எடுத்தார். குடிசை வாசலில், வலைக்குப் பக்கத்தில், அடுப்புக்கு முன்னால். “எல்லாருக்கும் படம் தரேன். இப்போ செத்த நகருங்கோ” என்றார். பிறகு வேலை ஆரம்பித்தது.

அஞ்சலை என்று ஒரு பெண்பிள்ளை மணலில் நெத்திலி காயப்போட்டிருந்தாள். மந்தைவெளிப் பக்கம் கூடையில் மீன் கொண்டுவந்து விற்பவள். எனக்கு முகம் தெரியும்.

“ஏம்மா, இந்த மீனையெல்லாம் அந்தண்டை எடு.”

“இன்னா சாமி, கடலாண்ட மீனு காயாம மல்லிப்பூவா காயும்?”

“படத்துல அமைதி வேணும்மா.”

“மீனு இன்னா, சத்தமா போடுது?”

சனம் சிரித்தது. ஆனாலும் அவள் வாரிக்கொண்டு போனாள், போட்டோ தருவேன் என்றாரே. அடுத்தது கட்டுமரம். அது இருக்கலாம், ஆனால் இரண்டடி இடது பக்கம் இருக்க வேண்டும். நான்கு ஆண்கள் மூச்சுப் பிடித்து நகர்த்தினார்கள். “மச்சி, கடல இன்னும் நவுத்தச் சொல்லல. அத்தோட சந்தோசப்படு” என்றான் ஒருவன். பிறகு மணலில் இருந்த காலடிகளை அழிக்க வேண்டும் என்று என் கையில் ஒரு தென்னந்துடைப்பத்தைக் கொடுத்தார். நான் பெருக்கிக்கொண்டே போனேன். திரும்பி வந்த வழியெல்லாம் என் காலடி. மறுபடியும் பெருக்கினேன். கடைசியில் பின்பக்கமாகவே நடந்து பெருக்கியபடி வந்து கட்டுமரத்தில் இடித்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்தபோது எங்கள் முதுகுப் பக்கத்துக் குடிசை ஒன்றிலிருந்து மெல்லிதாகப் புகை வந்து கட்டத்துக்குள் நுழைந்தது. அஞ்சலையின் அடுப்பு.

“அதை அணைச்சிடும்மா. பத்து நிமிஷம்.”

“ஒலையில அரிசி கொதிக்குது சாமி.”

“பத்தே நிமிஷம்.”

அவள் சாரை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய்க் கொள்ளிகளை இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். “எரியற அடுப்ப அணைக்கச் சொல்றியே, இது நல்லதுக்கா?” என்று கேட்டுக்கொண்டே வந்து எங்களுக்குப் பின்னால் நின்றாள். மேகம் சரியாக வரவேண்டும் என்று சார் முக்கால் மணி நேரம் காத்திருந்தார். அந்த முக்கால் மணி நேரமும் கடற்கரை அமைதியாகவே இருந்தது. குப்பம் முழுவதும் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

அந்தப் படத்துக்கு “அமைதி” என்று பெயர் வைத்தார். சங்கத்துப் போட்டியில் அதற்கு முதல் பரிசு. பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தேக்குச் சட்டம் அடிக்கச் சொன்னார். பின்னால் வைத்து இறுக்க வழக்கம்போல் ஒரு கட்டு கொடுத்தார். குப்பத்துச் சனம் அத்தனையும் அந்தக் கட்டில் இருந்தது.

“சார், இது அவங்களுக்குத் தர்றதா சொன்னீங்களே.”

“சுமாரான படத்தைக் குடுத்தா என் பேர் என்னாறது? இன்னொரு நாள் நல்லதா எடுத்துத் தரலாம்.”

அஞ்சலையின் முகத்தைக் குப்புறப் போட்டுப் பலகை வைத்து ஆணி அடித்தேன். அந்தச் சட்டம் சாரின் சிநேகிதர் ஒருவருக்குப் பரிசாகப் போயிற்று. அவரும் சங்கத்தில் இருந்தவர், மனைப் பிரிவு போடும் ஓர் ஆபீசில் அதிகாரி. அதைத் தன் ஆபீஸ் அறைச் சுவரில் மாட்டிக்கொண்டார்.

அதன்பின் ஆறு வருஷம் அஞ்சலை கடைப் பக்கம் போகும்போதெல்லாம் கூடையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கேட்பாள். “இன்னா கண்ணாடிக்கார அண்ணே, எங்க போட்டா இன்னா ஆச்சு? உங்க ஐயரு கழுவிக்கினே கீறாரா?”

“வரும், வரும்” என்பேன். கையில் இருக்கும் சட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வேன்.

எழுபத்தைந்தில் ஒருநாள் அவள் கூடையைக் கீழே இறக்கி வைத்தாள். கேலி இல்லை.

“கல்லு நட்டுட்டாங்க அண்ணே. எங்க வூட்டாண்டயே நட்டுட்டாங்க. காலி எடமாம், பிளாட்டு போடப் போறாங்களாம். தலக்கட்டுங்க எல்லாம் ஆபீசாண்ட போனோம். எழுபதுக்கு முன்ன இருந்தவங்கள காலி பண்ணச் சொல்ல மாட்டாங்களாம். எங்க தாத்தன் பாட்டன் காலத்துலேந்து கீறோம்னு சொன்னா, அந்த அதிகாரி செவுத்துல மாட்டிக்கிற போட்டாவக் காட்றாரு. ‘அறுபத்தொம்பதுல எடுத்தது, இதுல ஒரு குடிசை கீதா? நீங்கல்லாம் பின்னால வந்து குந்தினவங்க’ன்றாரு. அண்ணே, அது எங்க கட்டுமரம். ரெண்டடி நவுத்தின கட்டுமரம். வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணணுமாம்.”

அன்று செவ்வாய்க்கிழமை. நான் கடையைச் சாத்திவிட்டு மயிலாப்பூருக்கு நடந்தேன்.

சார் கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். சொன்னேன். நான் அவரிடம் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

“அந்தச் சுருளோட நெகடிவ் இருக்கா சார்?”

“வேண்டாததை நான் வெச்சுக்கறதில்லையே.”

“பிரிண்டை நான் வெச்சிருக்கேன் சார். அந்தச் சட்டத்துக்குள்ளதான் இருக்கு. உங்க கையெழுத்தோட, தேதியோட. பிரிச்சா தெரிஞ்சுடும்.”

சார் திடுக்கிட்டார். “பிரிக்கறதா? தேக்குச் சட்டம் கெட்டுடாதோ? பரிசு வாங்கின படம்ப்பா அது. தானா இருந்த கடற்கரைன்னு சொல்லித்தானே பரிசு குடுத்தா. துடைப்பம் போட்டுப் பெருக்கினதுன்னு தெரிஞ்சா சங்கத்துல என்ன சொல்லுவா?”

மாமி சமையலறை வாசலில் நின்றிருந்தார். “அவா ஆத்தைப் பெருக்கித் தள்ளப் போறாளாம். அதுக்கு என்ன சொல்லுவா?” என்றார்.

சார் விரல்களைக் கூட்டி வழக்கம்போல் காற்றில் கட்டம் போட்டார். அதற்குள் மாமிதான் நின்றார். நகரவில்லை. சார் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

மறுநாள் அதிகாரியின் அறைக்குப் போனோம். சார், நான், அஞ்சலை, குப்பத்துத் தலைவர். என் கையில் குறடும் திருப்புளியும். “என்ன சார், உங்க படத்தைப் பார்க்காதவங்க இல்ல இந்த ஆபீசுல” என்று அதிகாரி நாற்காலி போட்டார். சார் தொண்டையைக் கனைத்துக் கனைத்து, தட்பவெப்பத்தைப் பற்றிப் பேசினார். கடல் காற்றில் சட்டம் கெடுவதைப் பற்றிப் பேசினார். அஞ்சலை என் முழங்கையை இடித்தாள். யாரையும் கேட்காமல் நான் செய்த காரியம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். சுவரிலிருந்து படத்தை இறக்கித் தரையில் கவிழ்த்து, உட்கார்ந்து, ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தேன்.

“யார்ரா இவன்?” என்றார் அதிகாரி.

“சட்டம் போட்டவன்தான். போடட்டும்... பிரிக்கட்டும்” என்றார் சார்.

பலகையைத் தூக்கினேன். உள்ளே குப்பம் இருந்தது. ஆறு வருஷம் வெளிச்சம் படாததால் நேற்று எடுத்ததுபோல இருந்தது. குடிசைகள், வலை, கோவணத்தோடு கிழவர்கள், வாலை ஆட்டும் நாய், அடுப்புக்கு முன்னால் அஞ்சலை. நான் ஒவ்வொன்றாக மேசைமேல் பரப்பினேன். சார் குனிந்து பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையை அப்படியே எழுதுகிறேன்.

“அடாடா, கடல்கோடு சாஞ்சிருக்கே.”

அதிகாரி படங்களைத் திருப்பினார். முதுகில் பென்சில் எழுத்து. எல்லாவற்றிலும் ஒரே தேதி. “அமைதி” படத்தின் முதுகில் உள்ள தேதியும் அதுதான். சத்தமாகப் படித்தார். “காரணம்: குடிசை. காரணம்: நாய், ஜனம். காரணம்: அம்மாள் முறைக்கிறாள்.”

“மொறைக்காம?” என்றாள் அஞ்சலை.

“சார், இது உங்க எழுத்துதானே? அன்னைக்கு அங்க இவ்வளவு பேர் இருந்தாங்களா?”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மேசைமேல் படங்கள் பறக்கப் பார்த்தன. தலைவர் தன் துண்டை எடுத்து அவற்றின்மேல் வைத்தார்.

“இருந்தா. எல்லாரும் இருந்தா. நான்தான் நகரச் சொன்னேன்” என்றார் சார். உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்து, யாரும் கேட்காததையும் சொன்னார். “அடுப்பைக்கூட அணைக்கச் சொன்னேன்.”

படங்கள் கோப்பில் ஏறின. கல் பிடுங்கப்பட்டு அரை மைல் தெற்கே போய் நின்றது. அங்கே உண்மையிலேயே யாரும் இல்லையா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. “என் போட்டா சர்க்காராண்ட கீது. உங்க வூட்டுப் போட்டா எங்க கீது?” என்று அஞ்சலை மந்தைவெளி முழுக்கக் கேட்டுக்கொண்டு போனாள். “அமைதி” திரும்பச் சுவரில் ஏறியது. உள்ளே வைக்க ஒன்றும் இல்லாததால் அன்றைய செய்தித்தாளை மடித்து வைத்து இறுக்கினேன். சங்கத்தில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களில் பாதிப் பேரிடம் துடைப்பம் இருந்தது.

இதனால் சார் மாறிவிட்டார் என்று மலரில் போட ஆசைப்படுவீர்கள். மாறவில்லை. அடுத்த மாதமே ஒரு குளத்தங்கரையில், துணி துவைப்பவர்களைச் செத்த நகரச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஒரே ஒருநாள் மட்டும் வேறு மாதிரி நடந்தது. “குடுக்கறேன்னு சொன்னதைக் குடுத்துடலாம்” என்று என்னைக் கூட்டிக்கொண்டு மறுபடி குப்பத்துக்குப் போனார். அஞ்சலை அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சார் காமிராவுக்குள் குனிந்து, கையை உயர்த்தி, “செத்த ந—” என்றார்.

“நவுந்தது போதும் சாமி. இங்கயே எடு.”

சார் எடுத்தார். புகை, குடிசை, நாய், பிளாஸ்டிக் குடம் எல்லாம் உள்ளே. அவள் அவசரப்படுத்தியதில் கடல்கோடும் சாய்ந்துவிட்டது. பிரிண்டைக் கடைக்குக் கொண்டுவந்து கொடுத்தபோது, எல்லாப் படத்திலும் மூலையில் போடும் கையெழுத்தை அதில் போடவில்லை. “இது என் படம் மாதிரியே இல்லை. நல்ல சட்டமாப் போட்டுக் குடுத்துடு” என்றார்.

“பின்னாடி வெச்சு இறுக்கத் தாள் வேணும் சார். கட்டு கொண்டுவரலியே.”

சார் பையைத் துழாவினார். பிறகு வெளியில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே ஒரு பிரிண்டை எடுத்து நீட்டினார். “அமைதி.” அவரிடம் மீதி இருந்த ஒரே பிரதி. திருப்பிப் பார்த்தேன். முதுகில் பழைய தேதிக்குக் கீழே பென்சிலால் புதிதாக எழுதியிருந்தார்.

“காரணம்: ஒருத்தரும் இல்லை.”

அதை வைத்துத்தான் இறுக்கினேன். இன்றைக்கும் அஞ்சலை வீட்டில் படம் ஆடாமல் இருக்கிறது.

மந்தைவெளி,
1979, ஆவணி மாதம் 9-ஆம் தேதி.